மலை பெரிதாகத் தெரிய இந்த லென்ஸை வாங்காதீர்கள்: கேனன் 10-18, பெங்களூரு வெளிச்சத்தில்

நந்தி மலைக்குச் சூரிய உதயம் பார்க்கப் போய்வந்தவர்கள் காட்டும் படங்களில் ஒரு குறை திரும்பத் திரும்பத் தெரியும். மேல்பாதி வெளிறிய வானம், கீழ்ப்பாதி கம்பித் தடுப்பும் தரையும், நடுவில் மயிரிழையாக ஒரு மலைத்தொடர். நேரில் நின்றபோது மலைக்க வைத்த பள்ளத்தாக்கு படத்தில் காணோம். கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸில் காட்சி முழுதாக அடங்கவில்லை, அதனால்தான் இப்படி என்று முடிவுகட்டி வைட் லென்ஸ் தேடத் தொடங்குகிறார்கள். கேனன் வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தேடலில் முதலில் அகப்படுவது இஎஃப்-எஸ் 10-18 எம்எம் எஃப்/4.5-5.6 ஐஎஸ் எஸ்டிஎம். எம்எம் எண் குறையக் குறையக் காட்சி அகலும்; எஃப் எண் ஏற ஏற லென்ஸின் துளை சுருங்கும்; ஐஎஸ் என்பது கை நடுக்கத்தைச் சமாளிக்கும் அமைப்பு, எஸ்டிஎம் ஒரு வகை ஃபோகஸ் மோட்டார்.

நல்ல லென்ஸ். ஆனால் ‘முழுசா அடங்கணும்’ என்று வாங்கினால் ஏமாற்றம் உறுதி. 18 எம்எம்மில் மெலிந்து தெரிந்த மலை 10ல் இன்னும் மெலியும். தொலைவில் இருப்பதைச் சிறிதாக்குவதும், பக்கத்தில் இருப்பதை ஊதிப் பெரிதாக்குவதும்தான் இந்த வகை லென்ஸின் குணம். காலடியில் கிடப்பதைத் தேடிப் போய்க் குனியத் தயாராக இருப்பவருக்கு இந்த விலையில் இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. நின்ற இடத்திலிருந்து கண் உயரத்தில் பட்டனை அழுத்துகிறவருக்கு இது வேண்டாம். அந்தக் காசில் ஒரு உருப்படியான டிரைபாட் வாங்கலாம்.

2014ல் வெளிவந்தது. எடை 240 கிராம், சின்ன டிஎஸ்எல்ஆர் பாடியில் மாட்டினால் முன்பக்கம் தொங்காது. இதற்கு முன் கேனன் 2004ல் கொண்டுவந்த 10-22 லென்ஸ் 385 கிராம். அதற்கு 77 எம்எம் விட்டமுள்ள ஃபில்டர் வேண்டும், இதற்கு 67 எம்எம் போதும். வெளிவந்தபோது விலையும் அதன் பாதிக்குக் கீழே. காசை எங்கே மிச்சம் பிடித்தார்கள் என்பது கையில் எடுத்தவுடனே தெரியும்: மவுண்ட் (கேமராவில் மாட்டும் வளையம்) பிளாஸ்டிக், தூர அளவுகோல் கிடையாது, அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை) எஃப்/4.5லிருந்துதான் தொடங்கும், ஹூட் (முன்னால் மாட்டும் வெளிச்சத் தடுப்பு) பெட்டியில் வராது. ஹூடின் பெயர் இடபிள்யூ-73சி. தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கான காரணம் பின்னால் வருகிறது. கண்ணாடியில் மட்டும் கஞ்சத்தனம் காட்டவில்லை. எஃப்/8ல் நடுப்பகுதி ஊசி முனையாக இருக்கும், மூலைகளும் வீட்டில் மாட்டும் அளவு பிரிண்டுக்குத் தாராளமாகத் தாங்கும்.

அகலக் கணக்கு இதுதான். 10 எம்எம்மில் படுக்கைவாட்டில் சுமார் 96 டிகிரி தெரியும். கிட் லென்ஸின் 18ல் 64 டிகிரி. அந்த 32 டிகிரி வித்தியாசம் படத்துக்குள் கொண்டுவருவது பெரும்பாலும் வேண்டாத சாமான்கள்: குப்பைத் தொட்டி, பக்கத்து ஆளின் முழங்கை, மின்கம்பி. அதனால் பட்டனை அழுத்துவதற்கு முன் கண்ணை நடுவிலிருந்து எடுத்து, நான்கு ஓரங்களையும் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். இந்த லென்ஸில் கெட்டுப்போகும் படங்களில் பெரும்பாலானவை ஓரத்தில்தான் கெடுகின்றன.

எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள லால்பாக் பாறையை விடப் பொருத்தமான இடம் ஊருக்குள் இல்லை. கெம்பே கவுடா கோபுரம் நிற்கும் அந்த ‘நைஸ்’ (gneiss) வகைப் பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்துப் பலகை வைத்திருக்கிறது. மழை விட்ட மறுநாள் பாறையின் பள்ளங்களில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் தண்ணீர் தேங்கி நிற்கும். நின்றபடி 10 எம்எம்மில் எடுத்தால் அந்தக் குட்டை ஒரு பொட்டு, கோபுரம் ஒரு தீக்குச்சி, மிச்சமெல்லாம் சாம்பல் நிறத் தரை. கேமராவை இறக்குங்கள். லென்ஸின் அடி விளிம்பு தண்ணீருக்கு நாலு விரல் மேலே இருக்கட்டும். அதே தட்டுக் குட்டை படத்தின் கீழ்ப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கை நிறைத்து ஏரியாகிவிடும். மேகம் அதற்குள் விழும். பாறையின் வெளிர், கரும் வரிகள் கரையோரத்தில் விரல் பருமனில் கிளம்பி, போகப்போக நூலாகி, கோபுரத்தின் அடியில் போய் முடியும். கோபுரம் இப்போதும் சின்னதுதான். ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு அங்கே போய்ச்சேர ஒரு வழி கிடைத்துவிட்டது. முதல் படத்தில் இல்லாதது அந்த வழிதான்.

இதே கணக்கு கப்பன் பார்க்கில் டபேபூயா பூத்து உதிரும் நாட்களிலும் நடக்கும். உதிர்ந்த பூவில் அழுகாத ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் முன் மண்டியிட்டு, பூ பெரிதாகவும் மரம் பின்னால் முழுதாகவும் வரும்படி வையுங்கள். இந்த லென்ஸ் ஃபோகஸ் பிடிக்கும் மிகக் குறைந்த தூரம் 22 செ.மீ. அது சென்சாரிலிருந்து அளப்பது. லென்ஸின் முன்கண்ணாடியிலிருந்து பார்த்தால் பத்து செ.மீ. அளவுதான் இருக்கும். உள்ளங்கை அகலத்துக்குப் பக்கத்தில் போகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்கியவர்கள் இதில் கால்வாசி நெருக்கம்கூடப் போவதில்லை.

ஃபோகஸ்தான் அடுத்து இடறும் இடம். ஆட்டோஃபோகஸ் புள்ளியை மலைமேல் வைத்து எடுத்தால் முன்னால் உள்ள பூ மங்கும். பூவில் வைத்தால் மலை மங்கும். இரண்டும் தெளிவாக வர, 10 எம்எம்மில் எஃப்/8 வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்யுங்கள். 40 செ.மீ.யிலிருந்து அடிவானம் வரை தெளிவு கிடைக்கும். எஃப்/11 வைத்தால் 33 செ.மீ.யிலிருந்து. புத்தகக் கணக்குப்படி எஃப்/8ல் 67 செ.மீ.யில் ஃபோகஸ் செய்தாலே போதும், 34 செ.மீ.யிலிருந்து எல்லாம் தெளிவு என்று வரும். அந்தக் கணக்கு சின்னப் பிரிண்டுக்குப் போட்டது. பெரிய திரையில் நூறு சதவீதம் விரித்துப் பார்த்தால் தூரத்து மலை லேசாகக் கரைந்திருக்கும். அதனால் ஒரு மீட்டர் என்பது பாதுகாப்பான பழக்கம்.

தூர அளவுகோல் இல்லாத லென்ஸில் ஒரு மீட்டரை எப்படி வைப்பது? ஒரு மீட்டர் தள்ளி ஒரு கல்லையோ சருகையோ குறிவைத்து லைவ் வியூவில் (கேமராத் திரையில் காட்சியைப் பார்க்கும் முறை) ஆட்டோஃபோகஸ் பிடியுங்கள். பிடித்ததும் லென்ஸின் பக்கவாட்டு ஸ்விட்சை எம்எஃப் (மேனுவல் ஃபோகஸ்) பக்கம் தள்ளிவிடுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கி முன்னால் ஒருமுறை, மலையில் ஒருமுறை பாருங்கள். ஒரு எச்சரிக்கை: எஸ்டிஎம் லென்ஸில் ஃபோகஸ் வளையம் நேரடியாகக் கண்ணாடியை நகர்த்தாது, மோட்டாருக்குக் கட்டளைதான் அனுப்பும். கேமரா தூங்கிவிட்டால் வளையத்தைச் சுற்றினாலும் ஒன்றும் நடக்காது. கேமராவை அணைத்து மறுபடி போட்டால் வைத்த இடம் மாறியிருக்கக்கூடும். எனவே ஆட்டோ பவர் ஆஃப் நேரத்தை நீட்டி வையுங்கள். அணைத்துப் போட்ட ஒவ்வொரு முறையும் ஃபோகஸைச் சரிபாருங்கள்.

எஃப்/16, எஃப்/22 என்று மூடிக்கொண்டே போனால் இன்னும் தெளிவாகும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஏபிஎஸ்-சி சென்சாரில் (இந்த லென்ஸ் பொருந்தும் கேமராக்களின் சென்சார் அளவு) எஃப்/16லேயே டிஃப்ராக்ஷன், அதாவது சின்னத் துளையில் ஒளி சிதறுவது, காரணமாகப் படம் முழுவதும் மென்மையாகிவிடும். 10 எம்எம்மில் அதற்குத் தேவையும் இல்லை. எஃப்/16 பயன்படும் ஒரே இடம், சூரியனை நட்சத்திரமாக விரியவைக்கும்போது. அப்பர்ச்சர் தகடு ஏழு என்பதால் கதிர் பதினான்கு வரும். சூரியனை முழுதாகக் காட்டாமல் பாறை விளிம்பிலோ மரத்தண்டிலோ பாதி மறைத்தால் கதிர் கூர்மையாக வரும். முன்கண்ணாடியில் ஒரு விரல்ரேகை இருந்தால்கூட அந்தப் படம் பால் ஊற்றியதுபோல வெளிறும். எடுக்கும் முன் துடையுங்கள். சூரியன் படத்துக்கு வெளியே பக்கவாட்டில் இருக்கும்போது ஹூட் காப்பாற்றும். ஹூட் இல்லையென்றால் உள்ளங்கையால் நிழல் கொடுங்கள். 96 டிகிரியில் கையும் படத்துக்குள் வந்துவிடும் என்பதை மறக்காமல்.

கேமரா மட்டமாக இருக்க வேண்டும். இது எல்லா லென்ஸுக்கும் சொல்வதுதான், இதில் இரட்டிப்பாகப் பொருந்தும். அல்சூர் சோமேஸ்வரர் கோயில் கோபுரத்தைத் தெருவில் நின்று அண்ணாந்து 10 எம்எம்மில் எடுத்தால் கோபுரம் பின்னால் சாய்ந்து விழுவதுபோல வரும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, முன்னும் பின்னும் சாயாமல் மட்டமாக வைத்து எடுங்கள். கோபுரம் நேராக நிற்கும்; கீழே நிறையத் தரை வரும், அதை வெட்டிவிடலாம். வெட்டியது போக மிஞ்சும் பிக்சல், சாய்வை மென்பொருளில் இழுத்து நிமிர்த்துவதைவிட நல்ல படம் தரும். அடிவானக் கோட்டுக்கும் ஒரு வார்த்தை: 10 எம்எம்மில் பீப்பாய் வளைவு உண்டு. அடிவானம் நடுவில் இருந்தால் நேராகத் தெரியும், மேல்விளிம்பை ஒட்டி வைத்தால் வில்லாக வளையும். மென்பொருளில் லென்ஸ் புரொஃபைல் என்ற ஒரு டிக் அடித்தால் இதுவும் மூலைக் கருமையும் சரியாகும். மூலையில் மனிதரை நிறுத்தாதீர்கள். முகம் இழுத்து நீட்டப்பட்டு வரும், அதை எந்த டிக்கும் சரிசெய்யாது.

செங்குத்தாகத் திருப்பித் தாழ்த்தி எடுக்கும்போது இன்னொரு வேடிக்கை நடக்கும்: டிரைபாடின் முன்கால் படத்துக்குள் நிற்கும். சூரியன் முதுகுக்குப் பின்னால் தாழ்வாக இருந்தால் எடுப்பவரின் நிழலும் சேர்ந்துகொள்ளும். டிரைபாடில் ஒரு காலைத் தங்கள் பக்கமாகவும் இரண்டு கால்களைப் பக்கவாட்டிலும் வைத்தால் முதல் தொல்லை தீரும். இரண்டாவதற்கு, நிழல் விழாத பக்கமாக நகர்வதுதான் வழி.

வெளிச்சத்துக்கு வருவோம், ஏனென்றால் வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் இங்கேதான் தவறவிடுகிறார்கள். பெங்களூரு 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. சூரியன் இங்கே ஏறக்குறைய நேர்செங்குத்தாக மேலே ஏறும். அடிவானத்திலிருந்து 6 டிகிரி உயரச் சுமார் 25 நிமிடம்தான். வட ஐரோப்பாவின் குளிர்காலத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் பொன்வெளிச்சம் இங்கே ஒரு காபி குடிக்கும் நேரத்தில் போய்விடும். ஆகவே உதயத்துக்குப் போய்ச் சேர்ந்தால் போதாது. அதற்கு அரைமணி முன்பே படத்தின் முன்புறத்தில் வரவேண்டிய பாறையைத் தேர்ந்தெடுத்து, டிரைபாடை நட்டு, ஃபோகஸ் வைத்து முடித்திருக்க வேண்டும். உதய நேரம் ஜனவரி கடைசியில் 6.45 வாக்கில், மே கடைசியில் 5.55 வாக்கில்.

உதிக்கும் திசையும் நகரும். டிசம்பரில் நேர் கிழக்கிலிருந்து 24 டிகிரி தெற்கே, ஜூனில் அதே அளவு வடக்கே. ஆண்டுக்குள் மொத்தம் 48 டிகிரி. இந்த லென்ஸின் பார்வையில் சரிபாதி. ஜனவரியில் நந்தி மலையில் ஒரு பாறைக்குச் சரியாக மேலே சூரியன் வந்தது என்று ஜூனில் அதே பாறைக்குப் போனால் சூரியன் படத்தின் இடது ஓரத்தில், சில நேரம் வெளியேயே இருக்கும்.

வானமும் மாதத்துக்கு மாதம் வேறு. மார்ச், ஏப்ரலில் புழுதி மூட்டம் படிந்த வெள்ளை வானம். வைட் லென்ஸுக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை, பாதிப் படத்தை வெற்றுக் காகிதமாக்கிவிடும். அந்த நாட்களில் வானத்துக்கு விரற்கடை மட்டும் கொடுங்கள், அல்லது மரக்கிளையால் மூடுங்கள். ஏப்ரல், மே மாத மாலை மழைக்கு அப்புறம் ஒரு மணி நேரம் காற்று கழுவிவிட்டதுபோல இருக்கும். குடையோடு காத்திருக்கத் தகுந்த நேரம் அது. ஜூனிலிருந்து மேகமூட்டம்: வானத்தை விட்டுவிட்டு மூங்கில், வேர், ஈரப்பாறை என்று நிழலுக்குள் நுழையுங்கள். அக்டோபர், நவம்பரில் வானம் தானாகவே படத்தை நிறைக்கும்.

விடியலில் வானம் பளிச்சென்றும் தரை இருட்டாகவும் இருக்கும். ஒரே எக்ஸ்போஷரில் இரண்டையும் பிடிக்க முடியாதபோது ஏஇபி (ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுக்கும் வசதி) வைத்து, இரண்டு ஸ்டாப் குறைவு, சரி, இரண்டு ஸ்டாப் கூடுதல் என மூன்று ரா ஃபைல் (கேமரா மெருகேற்றாத மூலப் படம்) எடுங்கள். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது. இரண்டு நொடி டைமர் போட்டால் கேனன் பாடி மூன்றையும் தானே வரிசையாக எடுத்துவிடும். புல்லும் இலையும் காற்றில் ஆடினால் மூன்றையும் கோத்த படத்தில் பேய் இலைகள் வரும். அப்போது ஒரே படம் போதும்: ஹிஸ்டோகிராம் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) வலது சுவரில் முட்டாத அளவுக்கு வானத்துக்கு எக்ஸ்போஸ் செய்யுங்கள், ஐஎஸ்ஓ 100லேயே வையுங்கள், நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். கேமராத் திரையின் பிரகாசத்தை நம்பாதீர்கள். விடியல் இருட்டில் எந்தப் படமும் திரையில் வெளிச்சமாகத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு ஸ்டாப் இருட்டாக இருக்கும்.

ஃபில்டர் வாங்கப்போகிறவர்கள் இந்தப் பத்தியை நிதானமாகப் படிக்க வேண்டும். போலரைசர் (பளபளப்பைக் குறைத்து வானத்தைக் கருக்கும் ஃபில்டர்) வானத்தை அதிகமாகக் கருக்குவது சூரியனுக்கு 90 டிகிரி தள்ளியுள்ள பட்டையில் மட்டும். லென்ஸே 96 டிகிரி பார்க்கிறது. விளைவு, வானத்தின் நடுவில் கருநீலத் திட்டு, இரண்டு பக்கமும் வெளிறல். ஃபில்டர் கெட்டது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஃபில்டரில் குற்றம் இல்லை. 10 எம்எம்மில் நீல வானத்துக்குப் போலரைசர் போடாதீர்கள். 16-18க்கு வந்தால் ஓரளவு தாங்கும். அதன் உண்மையான வேலை வேறு இடத்தில் இருக்கிறது: மழைக்குப் பிறகு இலையிலும் பாறையிலும் படியும் வெள்ளைப் பளபளப்பை அது உரித்தெடுக்கும், அடியில் உள்ள பச்சையும் செம்மையும் வெளியே வரும். கப்பன் பார்க் மூங்கில் புதரில் ஒருமுறை வளையத்தைச் சுற்றிப் பார்த்தால் போதும், விலை நியாயம் என்று தோன்றிவிடும். தண்ணீரில் பளபளப்பு அதிகம் குறைவது நீர்மட்டத்திலிருந்து சுமார் 37 டிகிரி கோணத்தில் பார்க்கும்போது. முன் சொன்ன லால்பாக் குட்டையில் நமக்கு மேகப் பிரதிபலிப்பு வேண்டும், அங்கே கழற்றிவிடுங்கள். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை இது விழுங்கும். விளிம்பு மெலிந்த ஸ்லிம் வகையாகப் பார்த்து வாங்குங்கள். தடித்த விளிம்பு 10 எம்எம்மில் மூலையைக் கருப்பாக்கும். யுவி ஃபில்டரின் மேல் இதை அடுக்கினால் கட்டாயம் கருப்பாகும். முன்கண்ணாடி ஜூமிலோ ஃபோகஸிலோ சுழலாது என்பது இந்த லென்ஸின் நல்ல குணம், வைத்த போலரைசர் வைத்த இடத்தில் நிற்கும்.

அருவிக்கு ஆறு ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கருங்கண்ணாடி) போதும்: 1/30 நொடி சுமார் 2 நொடியாகும். டிஎஸ்எல்ஆரில் நீண்ட எக்ஸ்போஷர் எடுக்கும்போது வியூஃபைண்டர் வழியாகப் பின்வெளிச்சம் நுழையும். கேனன் கழுத்துப் பட்டையில் கோத்திருக்கும் சின்ன ரப்பர் மூடி அதற்காகத்தான் இருக்கிறது.

டிரைபாட் இல்லாமல் இந்த லென்ஸ் வாங்கலாமா? ஐஎஸ் நான்கு ஸ்டாப் என்று கேனன் சொல்கிறது. நிதானமான கையில் 10 எம்எம்மில் 1/4 நொடி வரை பிடிக்க முடியும். ஆனாலும் வாங்கும் வரிசையில் டிரைபாட்தான் முதல். அது நடுக்கத்தைத் தடுப்பது இரண்டாம் பட்சம். ஒரு இடத்தில் நிறுத்தி, ஓரங்களைப் பார்க்கவைத்து, இரண்டு அங்குலம் இடம் வலம் யோசிக்கவைக்கிறது. கால்கள் தரையோடு விரியக்கூடியதாக, நடுக்கம்பைத் தூக்காமலே தாழ்வாக வைக்கக்கூடியதாகப் பாருங்கள். டிரைபாடில் வைத்ததும் ஐஎஸ் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். நீண்ட எக்ஸ்போஷரில் அது தானே அசைந்து படத்தைக் கலைக்கக்கூடும். பூங்காக்களில் டிரைபாடைக் கண்டதும் காவலர் வருவார். விதி இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறுவது, வாயிலிலேயே கேட்டுவிடுவது மரியாதை. கூடாது என்றால் ஒரு கிலோ காய்ந்த மொச்சையைக் கெட்டித் துணிப்பையில் முக்கால்வாசி நிரப்பித் தைத்துக் கொண்டுபோங்கள். பாறைமேல் அதைப் போட்டுக் கேமராவை அமுக்கி வைத்தால் எந்த டிரைபாடையும்விடத் தாழ்வாக, அசையாமல் உட்காரும். முழுதாக நிரப்பினால் உருளும், அதனால்தான் முக்கால்வாசி.

ஏசி காரில் மலையேறுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: குளிர்ந்த லென்ஸை ஈரக்காற்றில் எடுத்தவுடன் கண்ணாடி பூத்துவிடும், துடைத்தாலும் திரும்பப் பூக்கும். உச்சிக்குக் கால் மணி முன்பே ஏசியை அணைத்துக் கார் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிடுங்கள்.

எங்கெல்லாம் இதைப் பையிலேயே விட வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். சிவனசமுத்திரத்தில் ககனசுக்கி அருவியைப் பள்ளத்துக்கு எதிர்ப்பக்கத்துப் பார்வை மாடத்திலிருந்துதான் பார்க்கிறோம். 10 எம்எம்மில் காவிரி ஒரு வெள்ளை நூல். அங்கே 55-250 போன்ற ஜூம்தான் அருவியின் எடையைக் காட்டும். சாவனதுர்கா, ராமநகரப் பாறைக்குன்றுகளைச் சமவெளியிலிருந்து எடுக்கும்போதும் அப்படியே: 50 எம்எம்மில் யானையாக நிற்பது 10ல் கரையான் புற்றாகிவிடும். மேலே ஏறிய பின், பாறையின் வெடிப்பும் அதில் முளைத்த புல்லும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது மட்டும் மாற்றுங்கள். பால்வீதி எடுக்கவும் இது ஏற்றதல்ல, எஃப்/4.5 அதற்கு இருட்டு.

வாங்காமலே அகலம் வேண்டுமென்றால் கிட் லென்ஸிலேயே வழி உண்டு. கேமராவைச் செங்குத்தாக வைத்து, எக்ஸ்போஷர், வைட் பேலன்ஸ், ஃபோகஸ் மூன்றையும் மேனுவலில் பூட்டி, மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று விழும்படி ஐந்து படம் எடுத்துக் கோத்தால் பனோரமா தயார். தூரக் காட்சிக்கு இது 10-18ஐவிட மேல், பிக்சலும் அதிகம். காலடியில் பொருள் இருந்தால் கோக்கும் இடத்தில் பிசிறும். அந்த ஒரு இடத்துக்காகத்தான் இந்த லென்ஸ்.

மற்ற கேமராக்காரர்களுக்கு: நிக்கானில் இதன் ஜோடி 2017ல் வந்த ஏஎஃப்-பி டிஎக்ஸ் 10-20 விஆர், 230 கிராம், 72 எம்எம் ஃபில்டர், டி90 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸே வேலை செய்யாது, பொருந்தும் பட்டியலைப் பார்க்காமல் வாங்காதீர்கள். கேனன் ஆர்50, ஆர்10 வைத்திருப்பவர்கள் அடாப்டர் போட்டு இதே லென்ஸை மாட்டலாம், அல்லது 2023ல் வந்த ஆர்எஃப்-எஸ் 10-18ஐப் பார்க்கலாம்: 150 கிராம், 49 எம்எம் ஃபில்டர். 6டி, 5டி போன்ற ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் இஎஃப்-எஸ் லென்ஸ் ஏறாது.

வாங்கும் முன் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். ஊரில் லென்ஸ் வாடகைக்குக் கொடுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இரண்டு நாளில் எத்தனை முறை முழங்காலில் மண் ஒட்டியது என்று எண்ணினால் இது நமக்கானதா என்று தெரிந்துவிடும். பழையது வாங்குவதே புத்திசாலித்தனம், ஆனால் சோதித்து வாங்குங்கள். மொபைல் டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து முன்பக்கம் சாய்த்துப் பார்த்தால் பூஞ்சை சிலந்தி நூல்போலத் தெரியும். இரண்டு மழைக்காலம் பையிலேயே அடைந்து கிடந்த லென்ஸில் இது சாதாரணம், விலை குறைத்தாலும் வேண்டாம். பிளாஸ்டிக் மவுண்டின் மூன்று நாக்குகளில் விரிசல் இருக்கிறதா, பாடியில் மாட்டினால் ஆடுகிறதா பாருங்கள். ஐஎஸ் போட்டால் மெல்லிய முனகல் கேட்பது இயல்பு. லைவ் வியூவில் காட்சி துள்ளினால் இயல்பல்ல. கடைசியாக, டிரைபாடில் வைத்து, எதிரே தூரத்தில் உள்ள அபார்ட்மென்ட் ஜன்னல்களை 10 எம்எம்மில் எஃப்/4.5லும் எஃப்/8லும் எடுத்து நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். எஃப்/4.5ல் நாலும் ஒரே அளவு மங்கி, எஃப்/8ல் நாலும் தெளிந்தால் லென்ஸ் சரி. எஃப்/8லும் ஒரு மூலை மட்டும் தனியாக மங்கினால் உள்ளே கண்ணாடி அச்சு விலகியிருக்கிறது; பேரம் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.